பூனைக்குட்டியும் இரண்டு குரல்களும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, விடுதி அறையில் ஐந்து பேர் ஒரே மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து 'கியானு' பார்த்தோம். 2016 ஏப்ரலில் வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைப் படம். காணாமல் போன ஒரு பூனைக்குட்டியை மீட்பதற்காக, பயந்தாங்கொள்ளி நண்பர்கள் இருவர் ரவுடிகளாக நடித்துப் போதைப்பொருள் கும்பலுக்குள் நுழைகிறார்கள். இவ்வளவுதான் கதை. படம் முடிந்ததும் அறையில் சண்டை தொடங்கிவிட்டது. "ஒன்றரை மணி நேரம் வீண். பூனைக்குட்டிய வெச்சே ஓட்டிட்டாங்க" என்றார் ஒரு தோழர். இன்னொருவருக்குக் கோபம். "கறுப்பர்னா துப்பாக்கி, கஞ்சா, கெட்ட வார்த்தைன்னு வெள்ளைக்காரன் காட்டினதையே இவங்களும் காட்டுறாங்க. இதுல என்ன அரசியல் இருக்கு?" என்றார். மூன்றாமவர் வயிறு வலிக்கச் சிரித்து முடித்திருந்தார். அவருக்கு விவாதத்தில் ஆர்வம் இல்லை. நான் எதுவும் பேசவில்லை. ஒரு காட்சி எனக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

கும்பல் தலைவன் செடாரைத் தேடி நண்பர்கள் இருவரும் ஒரு கேளிக்கை விடுதிக்குள் போகிறார்கள். அதுவரை மென்மையாக, அளந்து, ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டதுபோல் பேசிக்கொண்டிருந்த கிளாரன்ஸின் குரல் அங்கே இறங்குகிறது. தோள் விரிகிறது. நடை மாறுகிறது. பெயர் கேட்டால் ஒருவர் டெக்டானிக், இன்னொருவர் ஷார்க் டேங்க். பின்னது தொழில் முதலீட்டாளர்கள் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயர். உயிர் போகும் நேரத்தில் அந்த நடுத்தர வர்க்க மூளைக்குக் கிடைத்த ரவுடிப் பெயர் அதுதான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு என் கைபேசி ஞாபகம் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன், படத்தை எடுத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கீகன்-மைக்கேல் கீ, ஜோர்டான் பீல் இருவரும் 2012 முதல் 2015 வரை காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் 'கீ அண்ட் பீல்' என்ற குறுநாடக நிகழ்ச்சியை நடத்தினார்கள். இரண்டு, மூன்று நிமிடத் துணுக்குகள். ஒபாமா நிதானமாகப் பேச, அவர் மனதுக்குள் அடக்கி வைத்திருக்கும் கோபத்தை லூதர் என்ற உதவியாளர் பக்கத்தில் நின்று கத்திச் சொல்லும் துணுக்கு அமெரிக்கா முழுவதும் பரவியது. கோபப்படும் கறுப்பர் என்ற முத்திரை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக நாட்டின் அதிபரே தன் கோபத்தை வெளியே காட்ட முடியாது என்பதுதான் அந்தச் சிரிப்பின் அடியில் இருக்கும் செய்தி. 2015இல் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் விருந்தில் ஒபாமாவே கீயைப் பக்கத்தில் நிறுத்தி இதை மேடையேற்றினார். கீ, பீல் இருவருக்கும் பெற்றோரில் ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். எந்த அவையில் எந்தக் குரலில் பேசுவது என்ற கேள்வியோடு வளர்ந்தவர்கள். அவர்களுடைய நகைச்சுவையின் மூலதனமே அந்தக் கேள்விதான்.

அந்த நிகழ்ச்சியின் தொடக்கக் காலத் துணுக்கு ஒன்று. தெருவோரம் நின்று ஒரு கறுப்பர் மனைவியோடு தொலைபேசியில் நாடக நுழைவுச்சீட்டு பற்றி நாசூக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொரு கறுப்பர் தொலைபேசியில் பேசியபடியே பக்கத்தில் வந்து நிற்கிறார். உடனே முதலாமவர் பேச்சு முரடாகிறது. இரண்டாமவர் பேச்சும் அப்படியே. சாலையைக் கடந்து தள்ளிப் போனதும் இரண்டாமவர் தன் இயல்பான மெல்லிய குரலுக்குத் திரும்பி, இப்போதுதான் வழிப்பறியிலிருந்து தப்பித்தேன் என்று மறுமுனையில் இருப்பவரிடம் புலம்புகிறார். இரண்டு பேரும் பயந்தவர்கள். இரண்டு பேரும் மற்றவரைப் பார்த்துப் பயந்தவர்கள். அவர்கள் பயந்தது பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்த்தல்ல. அவரைப் பற்றி வெள்ளைச் சமூகம் தங்கள் தலையில் ஏற்றி வைத்திருந்த படத்தைப் பார்த்து.

'கியானு' இந்தத் துணுக்கின் நீட்சிதான். நிகழ்ச்சியின் பெரும்பாலான பகுதிகளை இயக்கிய பீட்டர் அடென்சியோதான் படத்தையும் இயக்கினார். பீல், அலெக்ஸ் ரூபென்ஸ் இருவரும் எழுதினார்கள். மூன்று நிமிட நகைச்சுவையை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்திருக்கிறார்கள் என்பது படம் வந்தபோது பரவலாகச் சொல்லப்பட்ட விமர்சனம். அதில் உண்மை இருக்கிறது. நடுப்பகுதி தொய்கிறது. துப்பாக்கிச் சண்டைகள் அளவுக்கு மேல் நீள்கின்றன. ஆனால் அந்த விமர்சனம் படம் எதைப் பற்றியது என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

படத்தில் நடிப்பது இந்த இரண்டு நண்பர்கள் மட்டும் அல்ல. ரெல்லின் பக்கத்து வீட்டுக் கஞ்சா வியாபாரி ஹல்கா ஒரு வெள்ளையர். சடைபோட்ட தலை, கறுப்பின இளைஞர்களின் பேச்சு, உடை எல்லாவற்றையும் எடுத்து அணிந்துகொண்டவர். அந்தத் தோற்றத்துக்காக எந்தப் போலீஸ்காரரும் அவரை நடுரோட்டில் நிறுத்திச் சோதிக்கப் போவதில்லை. அவருக்கு அது சட்டை. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். கும்பல் ஆட்களும் நடிக்கிறார்கள். கிளாரன்ஸின் வேலை, நிறுவன ஊழியர்களுக்குக் குழுப் பயிற்சி கொடுப்பது. தப்பிக்க வேறு வழி தெரியாமல் அதையே ரவுடிகளிடமும் செய்கிறார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர் கேட்க, அந்த முரட்டு இளைஞர்கள் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்குகிறார்கள். அவர்களை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

இதன் உச்சம் வண்டிக் காட்சி. ரெல் போதைப்பொருளைக் கொடுக்க உள்ளே போயிருக்கிறார். கிளாரன்ஸ் ரவுடிகளோடு வெளியே வண்டியில் காத்திருக்கிறார். அவர் கைபேசியில் ஜார்ஜ் மைக்கேல் பாடல்களாக இருப்பதை அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆங்கிலேயப் பாப் பாடகர், வெள்ளையர், தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர். ரவுடியின் கைபேசியில் இருக்கக்கூடிய பாட்டா இது? மாட்டிக்கொண்ட கிளாரன்ஸ், இவரும் நம்ம ஆள்தான் என்று அளக்க ஆரம்பிக்கிறார். கொஞ்ச நேரத்தில் வண்டிக்குள் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஆண்மை, முரட்டுத்தனம், கறுப்பர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டளை எல்லாம் அந்த ஐந்து நிமிடம் வண்டிக்கு வெளியே நிற்கின்றன. எங்கள் அறையில் அதிகம் சிரித்தது இந்தக் காட்சிக்குத்தான். கோபப்பட்ட தோழரும் சிரித்தார்.

அப்புறம், அந்தப் போதைப்பொருளை வாங்குவது யார்? மேட்டுக்குடி வெள்ளை நடிகை ஒருவர். அன்னா ஃபாரிஸ் தானாகவே வருகிறார். விற்பவர்கள் பற்றித்தான் நாம் எப்போதும் படம் பார்க்கிறோம். வாங்குபவர் எந்தப் பங்களாவில் இருக்கிறார் என்பதை இந்தப் பூனைப் படம் போகிற போக்கில் காட்டிவிடுகிறது.

இப்போது என் கைபேசிக்கு வருகிறேன்.

ஆய்வுப் படிப்பில் சேர்ந்த முதல் வருடம். துறையில் ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவர் கேட்கவில்லை என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். கோயில் பக்கம் என்றேன். பொய்யும் இல்லை. எங்கள் காலனியிலும் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அன்றிலிருந்து என் தமிழ் மாறியது. "இருக்குது" "உள்ளது" ஆனது. "கறி எடுத்தோம்" என்பது "அசைவம் சாப்பிட்டோம்" ஆனது. நூலகத்தில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தால் எழுந்து, படி இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரம் வரை போய்த்தான் பேசுவேன். அம்மாவுக்குக் குரல் பெரிசு. "என்னா சாமி, சாப்ட்டியா? ஞாயித்துக்கெழம பெரிய கறி எடுத்தோம். நீதான் இல்ல" என்பார். அவர் பேச்சுக்கு என் பேச்சு தானாகப் போய்விடும். அது யார் காதிலும் விழக் கூடாது. பேசி முடித்துத் திரும்பி வரும்போது படியேறுவதற்குள் பழைய குரலை மடித்து வைத்துவிடுவேன்.

அந்தத் தெருவோரத் துணுக்கை முதன்முதலில் பார்த்தபோது நான் இரண்டு தடவை சிரித்தேன். மூன்றாவது தடவை சிரிக்க முடியவில்லை.

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. இதை அவசரப்பட்டு ஒன்றாக்கிவிடக் கூடாது. தோலை மறைக்க முடியாது. எவ்வளவு நாசூக்காகப் பேசினாலும் கிளாரன்ஸ் கறுப்பர்தான். சாதியைக் கொஞ்ச காலம் மறைக்கலாம். பேச்சை மாற்றி, பெயரை மாற்றி, ஊரில் எந்தப் பக்கம் என்ற கேள்விக்குத் தந்திரமாகப் பதில் சொல்லி மறைக்கலாம். ரெல்லும் கிளாரன்ஸும் உயிர் பிழைக்க 'கீழே' இறங்கி நடிக்கிறார்கள். நாம் மூச்சுவிட 'மேலே' ஏறி நடிக்கிறோம். திசைதான் வேறு. நீ யார் என்பதை நீ முடிவு செய்ய முடியாது, பார்ப்பவர் முடிவு செய்வார் என்ற விதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தன்னைத் தன் கண்ணால் பார்க்க முடியாமல் ஆதிக்கம் செய்பவரின் கண்ணால் பார்த்துக்கொண்டே வாழும் இந்த இரட்டை உணர்வைப் பற்றி டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1903இலேயே எழுதிவிட்டார். 1946இல் அவருக்குக் கடிதம் எழுதிய அண்ணல் அம்பேத்கர், ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின அமைப்பு ஒன்று அனுப்பிய மனுவின் படியைக் கேட்டார். தீண்டப்படாத மக்களின் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் இருக்கும் ஒற்றுமையை அந்தக் கடிதத்தில் சுட்டிக்காட்டினார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு கறுப்பின நகைச்சுவைப் படத்தில் நம்மைத் தேடுவது திடீரென்று முளைத்த ஆசை அல்ல.

'கியானு' வந்த அதே 2016இன் ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். அந்த மரணத்துக்குப் பிறகுதான், பிராமணராகக் காட்டிக்கொண்டு வளர்ந்த பத்திரிகையாளர் யாஷிகா தத், தான் ஒரு தலித் என்று வெளிப்படையாக எழுதினார். குரலை மடித்து வைப்பது நான் ஒருவன் மட்டும் கண்டுபிடித்த வித்தை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி கோபப்பட்ட தோழருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கறுப்பரைப் பற்றிய நகைச்சுவைக்கு அமெரிக்காவில் ஒரு அசிங்கமான வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கோமாளியாக்கிய மேடைகள்தான் அந்த நாட்டின் வெகுமக்கள் பொழுதுபோக்காக இருந்தன. அந்தச் சிரிப்பு இன்னும் சாகவில்லை. டேவ் சாப்பெல் தன்னுடைய புகழ்பெற்ற குறுநாடக நிகழ்ச்சியை 2005இல் பாதியிலேயே விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். கறுப்பரைப் பற்றிய வார்ப்புருவைக் கேலி செய்து அவர் நடித்துக்கொண்டிருந்தபோது, படப்பிடிப்பில் இருந்த வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம் தன்னை உறுத்தியது என்று பிறகு சொன்னார். அந்த மனிதர் வார்ப்புருவைப் பார்த்துச் சிரித்தாரா, கறுப்பரைப் பார்த்துச் சிரித்தாரா? நகைச்சுவை எழுதுபவர் கையில் இல்லாத ஒரே விஷயம் இதுதான்.

'கியானு' இந்தச் சோதனையில் பாதிதான் தேறுகிறது. கறுப்பர் என்றால் ரவுடி என்ற படத்தை, அந்தப் படத்துக்குள் பொருந்தாத இரண்டு கறுப்பரைத் தள்ளிவிட்டுக் கேலி செய்கிறது. அது சரி. ஆனால் உண்மையிலேயே தெருவில் நிற்கும் ஏழைக் கறுப்பின இளைஞர்களை அது என்ன செய்கிறது? வண்டியில் பாட்டுப் பாடிய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர்கள் பின்னணி. நடுத்தர வர்க்க நாயகர்கள் தங்கள் ஆண்மையை மீட்டெடுக்க உதவும் பின்னணி. கிளாரன்ஸ் தைரியசாலியாகிறார், ரெல் காதல் தோல்வியிலிருந்து மீள்கிறார். அந்த இளைஞர்கள் என்ன ஆனார்கள் என்று படம் கவலைப்படுவதே இல்லை.

எனக்கு அதிகம் உறுத்தியது ஹை-சி. டிஃபானி ஹாடிஷ் அபாரமாக நடித்திருக்கும் பாத்திரம். கும்பலில் புத்திசாலி, துணிச்சல்காரி, ரெல்லுக்குப் பிடித்துப்போனவள். கடைசியில் அவள் மாறுவேடத்தில் இருக்கும் போலீஸ் என்று தெரிகிறது. கும்பலில் மதிக்கத்தக்க ஒரே ஆள் உண்மையில் கும்பலைச் சேர்ந்தவளே அல்ல என்றால் என்ன அர்த்தம்? ஒரு நாயகன் காதலிக்கத் தகுதியான பெண் அந்தத் தெருவில் பிறந்திருக்க முடியாது என்று படம் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது. அதுவும் போலீஸ். 2014இல் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டு இரண்டு ஆண்டு முடியவில்லை. நாடு முழுக்கத் தெருவில் போராட்டம். அந்த நேரத்தில் வந்த படத்தில் நண்பர்கள் சிறைக்குப் போவதும் ஒரு சின்னச் சிரிப்போடு முடிந்துவிடுகிறது.

இதே கீயும் பீலும் தொலைக்காட்சியில் இப்படி விட்டுவிடவில்லை. 2015இல் வந்த 'நீக்ரோடவுன்' துணுக்கில், இரவில் போலீஸ் பிடியில் சிக்கும் ஒரு கறுப்பர் தலையில் அடிபட்டு ஒரு கனவு நகரத்துக்குப் போகிறார். அங்கே கறுப்பரை யாரும் சந்தேகப்படுவதில்லை, யாரும் சுடுவதில்லை. எல்லோரும் ஆடிப் பாடுகிறார்கள். கண் விழித்தால் கையில் விலங்கு. சில நிமிடத் துணுக்குக்கு இருந்த தைரியம் படத்துக்கு ஏன் இல்லை? பெரிய ஸ்டுடியோ, திரையரங்கு, எல்லாப் பார்வையாளரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் என்று காரணம் சொல்லலாம். ஆனால் மறு ஆண்டே பீல், 'கெட் அவுட்' என்ற திகில் படத்தை இதைவிடக் குறைந்த செலவில் எடுத்தார். நாகரிகமாகப் பேசும் தாராளவாத வெள்ளைக் குடும்பம்தான் அதில் பேய். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை அந்தப் படத்துக்காக வாங்கி, அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பரானார். 'கியானு'வில் பூனைக்குட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பயத்தை அங்கே வெளியே எடுத்து வைத்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? தமிழிலும் சின்னத்திரையிலிருந்து பெரிய திரைக்குப் போகும் இந்தப் பாதை உண்டு. 'லொள்ளு சபா' காலத்திலிருந்தே உண்டு. அந்த நிகழ்ச்சி நாயக பிம்பங்களைக் கிழித்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் பெரிய திரைக்குப் போனதும் நம் நகைச்சுவை பெரும்பாலும் என்ன செய்தது? கறுப்பு நிறம், தடித்த உதடு, குப்பத்துப் பேச்சு, ஏழை வீட்டுப் பெண்ணின் உடம்பு என்று ஏற்கெனவே மிதிபட்டவர்கள் மேலேயே ஏறி நின்றது. அந்தப் பேச்சைப் பேசுகிறவர், அந்தப் பேச்சால் தான் படும் பாட்டைத் தானே நகைச்சுவையாக எழுதிய படங்கள் நம்மிடம் எத்தனை? கண்ணீரும் கோபமுமாக நம் கதைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டோம். அது பெரிய வெற்றி. சிரிப்பை மட்டும் இன்னும் அவர்களிடமே விட்டு வைத்திருக்கிறோம். ஊர்ல எந்தப் பக்கம் என்று கேட்கும் பேராசிரியரைவிடப் பெரிய நகைச்சுவைப் பாத்திரம் எங்கே கிடைக்கும்? அவரை நாம்தான் எழுத வேண்டும்.

எழுதும்போது 'கியானு' சறுக்கிய இடத்தில் நாம் சறுக்கக் கூடாது. குரலை மாற்றிக்கொள்ளும் வசதி கிடைத்தவர்கள் நாம். படித்தவர்கள், நகரத்துக்கு வந்தவர்கள், உதவித்தொகை வாங்குபவர்கள். குரலை மாற்ற வாய்ப்பே கிடைக்காதவர்கள் காலனியில் இருக்கிறார்கள். மலக்குழியில் இறங்கும் தோழருக்கு எந்தப் பேச்சுவழக்கும் கைகொடுப்பதில்லை. நம்முடைய சங்கடத்தை நகைச்சுவையாக்கும்போது அவர்களைப் பின்னணியாக நிறுத்திவிட்டால், நாமும் அவர்களை வண்டியில் கொஞ்ச நேரம் பாடவிட்டு இறக்கிவிட்டவர்கள்தான்.

அந்தப் பூனைக்குட்டிக்குப் படத்தில் மூன்று பெயர். முதல் முதலாளிக்கு இக்லேசியாஸ், ரெல்லுக்குக் கியானு, செடாருக்கு நியூ ஜாக். கைக்குக் கை மாறும்போது பெயரும் மாறுகிறது. யார் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அது மியாவ் என்றுதான் சொல்கிறது. எங்கள் அறையில் சிரித்து முடித்த அந்த மூன்றாவது தோழர்தான் இதைக் கவனித்துச் சொன்னார். "அதுக்கு மட்டும்தாண்டா ஒரே குரல்" என்றார். கோபக்காரத் தோழரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இந்தக் கட்டுரையை நூலகத்தில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல் எழுந்தேன். உள்ளே பேசக் கூடாது என்பது விதி, வெளியே வந்துதான் ஆக வேண்டும். ஆனால் படி இறங்கவில்லை, வேப்பமரம் வரை போகவில்லை. வாசலிலேயே, ஐந்தாறு பேர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே நின்று பேசினேன். "சாப்ட்டம்மா. பெரிய கறிதான். நம்ம ஊட்டு மாதிரி இல்ல." ஒருவர் திரும்பிப் பார்த்தார். என் காது சூடானது, கை லேசாக நடுங்கியது. "யாருகிட்டடா இவ்ளோ சத்தமா பேசுற?" என்று அம்மாதான் கேட்டார்.